டாக்டர் முன்னால் மட்டும் நலமாகிவிடும் மனிதர்

எங்கள் பிரியாணிக் கடையில் தால்ச்சா ஊற்றும்போதுதான் என் கணவரின் கை நடுங்குவதை முதலில் பார்த்தேன். பாதி இலையில் விழுந்தது, மீதி சாப்பிட வந்தவரின் சட்டையில்.

அவருக்கு இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது). லித்தியம் மாத்திரையில் (மனநிலையைச் சமப்படுத்துவது) மனம் அடங்கியது. உடம்பு அடங்கவில்லை. தாகம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று வீட்டில் நாள் முழுக்கப் புலம்புவார்.

மனநல மருத்துவரிடம் போனால் கதையே வேறு. டாக்டர் ஒவ்வொரு முறையும் உடல் தொந்தரவுகளைக் கேட்டு ‘இல்லை, கொஞ்சம், அதிகம்’ என்று குறித்துக்கொள்வார். போன முறையைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்த்துத்தான் மாத்திரையின் அளவு.

“பாய், ஒடம்பு எப்படி இருக்கு?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் சார்.”

கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு சொல்வார். எங்கள் வீடுகளில் காய்ச்சலில் கிடப்பவரும் முதலில் இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார். இவர் மற்றதைச் சொல்வதே இல்லை. நான் வாயைத் திறந்தால் முறைப்பார். லித்தியத்தின் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தால் கடையில் கூட்டம் என்று தள்ளிப்போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெளியே வந்து பஸ் ஏறுவதற்குள், “காலு நிக்க மாட்டேங்குது” என்பார்.

“இதை உள்ள சொன்னா என்ன?”

“நம்மளைத் தேத்தி விட்ட மனுசன். அவருகிட்டப் போயி குறை சொல்லச் சொல்றியா?”

சித்திரை வெயிலில், அடுப்படியில் வேர்த்துக் கொட்டி நின்ற ஒரு வாரத்தில், அவருக்குப் பேச்சே குழறியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அப்போதும் அதே பதில்தான், குழறலாக. இந்த முறை நான் விடவில்லை. டாக்டர் மேசையிலிருந்த தண்ணீர் ஜாடியையும் டம்ளரையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

“சார், அவரைக் கேக்காதீங்க. இந்தத் தண்ணியை ஊத்திக் குடிக்கச் சொல்லுங்க.”

மேசை முழுக்கத் தண்ணீர். டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். வேர்த்து உடம்பில் நீர் வற்றியதில், ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார். மாத்திரையை நிறுத்தி, உள்நோயாளியாகச் சேர்த்தார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மனநோயாளியின் உடம்பும் உடம்புதான். நீங்கள் பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

இப்போது தேறிவிட்டார். மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் என்னிடம் புலம்புவதையும் நிறுத்திவிட்டார். சொன்னால் நான் டாக்டரிடம் போட்டுக்கொடுத்துவிடுவேனாம். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? தினமும் காலையில் கதவோரம் நின்று, அவர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்க்கிறேன். கடைசிப் பொத்தானும் துளைக்குள் போன பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.