தெரசம்மாள் சாகடித்த லேபிள்கள்

தெரசம்மாளுக்கு யாரையும் மதிக்கத் தெரியாது என்று ஏற்காட்டில் பலர் சொல்வார்கள். அது பொய். அவளுக்கு மதிக்கத் தெரியும், பிடிக்காது, அவ்வளவுதான். மிஷன் பள்ளியில் ஒன்பதாவது படித்தபோது தலைமை சிஸ்டரைப் போல நடந்து காட்டினாள். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. சிரிப்பு சட்டென்று நின்ற பிறகுதான் சிஸ்டர் தன் பின்னால் நிற்பது தெரிந்தது. "எடது தோளு இன்னுங் கொஞ்சம் எறங்கோணுங்க சிஸ்டர், அது எனக்குச் சரியா வர்ல" என்று அவரிடமே விளக்கம் சொன்னாள். வெயிலில் முட்டி போடச் சொன்னார்கள். மூடுபனிக் காலம், வெயிலே வரவில்லை.

பத்தாவதோடு படிப்பை விட்டு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போனாள், கணக்கெழுதும் ரைட்டரோடு சண்டை. லாட்ஜில் படுக்கை விரிக்கப் போனாள், மேனேஜரோடு சண்டை. இடையில் மரியதாஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். எதைச் சொன்னாலும் "செரி புள்ள" என்பான். அவனோடு சண்டை போடுவது சுவரில் பந்தடிப்பதைவிட மோசம், பந்து திரும்பிக்கூட வராது என்று அவளே அலுத்துக்கொள்வாள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு பிரபாகரின் சலவைக்கூடத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. ஏற்காட்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். பிரபாகர் நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டார். ஒருமுறை கோயம்புத்தூர் போய்விட்டு பார்கோடோடு வந்தார்.

ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் வெள்ளை நாடாத் துண்டு ஒன்றைத் தைக்க வேண்டும். அதில் கறுப்புக் கோடுகள் அச்சடித்திருக்கும். துப்பாக்கி மாதிரியான ஸ்கேனரை அதன்மேல் காட்டினால் 'கீக்' என்று கத்தும். எந்த லாட்ஜ் துணி என்று திரையில் வந்துவிடும். முதல் மாதம் எல்லாம் கீக் கீக் என்றுதான் இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் லேபிள்கள் கொதிநீரிலும் இஸ்திரி உருளையிலும் மாறி மாறி மாட்டி வெளிறிச் சுருங்கின. ஸ்கேனர் ஊமையானது. தெரசம்மாள் அதைத் தடவிக் கொடுத்து, "படி கண்ணு, படி சாமி" என்று கெஞ்சிப் பார்த்தாள். பிறகு கெட்ட வார்த்தையிலும் சொல்லிப் பார்த்தாள். படிக்கவில்லை. படிக்காத துணியைக் குத்துமதிப்பாகப் பிரித்துக் கட்டி அனுப்பினார்கள்.

அந்தக் குத்துமதிப்பு பங்குத் திருவிழாவன்று காலையில் வெடித்தது. பங்குக் கோயிலின் துணிகளையும் பிரபாகர் காசு வாங்காமல் வெளுத்துக் கொடுப்பார். எந்தச் சாமி மூலம் வந்தாலும் புண்ணியம் புண்ணியந்தான் என்பது அவர் கொள்கை. பூசைக்குச் சற்று முன்னால் பங்குத்தந்தையிடமிருந்து தெரசம்மாளுக்குப் போன் வந்தது.

"தெரசம்மா, பீடத்துமேல விரிக்கலாம்னு துணியப் பிரிச்சா, ரெண்டு வாத்து முத்தம் கொடுத்துக்கிட்டிருக்கும்மா."

"அது வாத்தில்லீங்க ஃபாதர், அன்னமுங்க. தேனிலவு ஜோடிக்கு விரிக்கறதுங்க."

"எனக்கு எதுக்கும்மா அது?"

அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. திருவிழா நாளென்று விழுங்கிக்கொண்டாள்.

பீடத்துணி போய்ச் சேர்ந்த இடம் அதைவிட மோசம். லாட்ஜில் புதுமணத் தம்பதி தங்கியிருந்த அறையில், கட்டில்மேல் செம்மறியாட்டுக்குட்டியும் சிலுவையும் தங்க நூலில் மின்னிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாராம். பெண் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, "வேற ரூம் இருக்குங்களா, இங்க சாமி இருக்குது" என்றாளாம். இதைக் கேட்டுத் தெரசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அன்றைய பூசையில் பீடம் ஒரு சாதாரண மேஜை விரிப்போடு நின்றது. முன்வரிசைப் பெண்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது சிரிப்பு வரவில்லை. அது அவள் ஞானஸ்நானம் வாங்கிய கோயில்.

மறுநாள் பிரபாகரிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, உங்க மெசினுக்குக் கண்ணுல புரை உழுந்துருச்சுங்க."

"மெசின்ல ஒண்ணும் கோளாறில்லம்மா. உங்க ஆளுங்க காட்டற விதந்தான் செரியில்ல."

"அப்ப நீங்களே காட்டுங்க."

அவர் காட்டினார். நிமிர்த்திக் காட்டினார், சாய்த்துக் காட்டினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினார். கடைசியில், "நீயே சேலம் போயி லேபிள் பையனப் பாத்துட்டு வந்துரும்மா" என்றார்.

செத்த லேபிள்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு தெரசம்மாள் பஸ் ஏறினாள். லேபிள் அச்சடிக்கும் யுவராஜ் டிப்ளமோ முடித்த இளைஞன். அவன் புது லேபிள் ஒன்றை எடுத்து ஸ்கேனரைக் காட்டினான். கீக் என்றது.

"நல்லாத்தானுங்க்கா படிக்குது."

"கடையில இருக்கறப்ப எல்லாந்தான் படிக்கும். தொவச்சா?"

"நான் பிரிண்ட் பண்றவனுங்க்கா, தொவைக்கறவன் இல்லீங்க."

அங்கே தொடங்கியது சண்டை. கறுப்பு போதவில்லை, அச்சு இயந்திரத்தின் சூட்டைக் கூட்டு என்று அவள் அடம் பிடித்தாள். வேண்டாமென்று அவன் சொன்னான். அவள் குரலுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் கூட்டிவிட்டான். மை உருகிப் பரவி, கோட்டோடு கோடு ஒட்டிக்கொண்டது. துவைக்காமலே ஸ்கேனர் ஊமை. யுவராஜ் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு இருவரும் ஒழுங்காக வேலையைப் பார்த்தார்கள்.

அவன் சூட்டைக் குறைத்து, மெதுவாக அச்சடித்தான். கோடுகளை அகலமாக்கினான். மெழுகு மை ரிப்பனைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணியைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் ரிப்பன் மாட்டினான். ஒவ்வொரு சுருளையும் அவள் மலைக்குக் கொண்டுபோய், பழைய துண்டுகளில் தைத்துத் துவைத்துத் தள்ளினாள். கொஞ்சம் தேறியது. ஆனாலும் பல லேபிள்கள் படிக்கவில்லை. மை அப்படியே இருந்தது, ஸ்கேனருக்குத்தான் புரியவில்லை.

ஒருநாள் கம்ப்யூட்டரில் தெரியாமல் எதையோ தட்டி, யுவராஜ் ஒரு சுருள் முழுவதும் கோடுகளைத் திருப்பி அச்சடித்துவிட்டான். வழக்கமாக நாடாவுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி கிடக்கும் கோடுகள், இதில் ரயில் தண்டவாளம் மாதிரி நீளவாக்கில் ஓடின. "வீணாப் போச்சுங்க்கா, கரி துடைக்க வெச்சுக்குங்க" என்று அனுப்பிவைத்தான். தெரசம்மாள் அதையும் தைத்துத் துவைத்தாள். உருளையிலிருந்து வந்த துண்டுகளில் ஸ்கேனரைக் காட்டினால், கீக், கீக், கீக். உடனே போன் போட்டாள்.

"கண்ணு, நீ தப்பாப் பண்ணுனதுதான் செரியா இருக்குது. இனிமேப்பட்டு தப்பாவே பண்ணு."

யுவராஜ் யோசித்து, அன்று மாலையே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். சூட்டில் நாடா நீளவாக்கில்தான் சுருங்குகிறது. குறுக்கே கிடக்கும் கோடுகளென்றால் அவற்றின் அகலமும் இடைவெளியும் கோணலாகச் சுருங்கி ஸ்கேனரைக் குழப்பும். நீளவாக்கில் ஓடினால் கோடு குட்டையாகுமே தவிர, அகலம் மாறாது.

அப்படியும் சில லேபிள்கள் முரண்டு பிடித்தன. யுவராஜ் நேரிலேயே மலையேறி வந்து பார்த்தான். பார்த்தவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, கோபப்படக்கூடாதுங்க. இத ஆருங்க தெச்சது?"

"நாஞ்சொல்லித்தான் தெச்சாங்க. நாலு பக்கமும் அழுத்தி, கறுப்பு நூல்ல. பிச்சாலும் வராது!"

"அதானுங்க்கா. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை எடம் காலியா இருக்கோணும். உங்க நூலையும் ஒரு கோடுன்னு நெனச்சுக்குதுங்க இது."

தெரசம்மாள் முதலில் அவனைத் திட்டினாள். பிறகு ஸ்கேனரைத் திட்டினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தையலைப் பிரித்துவிட்டுக் காட்டினாள். படித்தது. "செரி, எம்பேர்லயும் கொஞ்சம் தப்பிருக்குது, கொஞ்சூண்டு" என்றாள். அன்றிலிருந்து வெள்ளை நூலில், ஒரு முனையில் மட்டும் தையல்.

துணிகள் தத்தம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரபாகர் ஒரு வியாபாரக் கூட்டத்தில் 'நவீன சலவையும் நானும்' என்று நீளமாகப் பேசினாராம். தெரசம்மாள் அதைக் கேட்கப் போகவில்லை. அவளுக்கு அதைவிட நல்ல வேலை வந்திருந்தது.

யுவராஜுக்கு மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் ஆர்டர்கள் வந்தன. புது நாடா, புது மை எது வந்தாலும் முதலில் தெரசம்மாளிடம் அனுப்பினான். கொதிக்கவைத்து, பிளீச்சில் ஊறவைத்து, கல்லில் அடித்து, உருளையில் விட்டு, அதைச் சாகடித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதே வேலைதான். எதையாவது கெடுத்துவைத்தால் திட்டுவார்கள் என்றே இதுவரை அறிந்தவளுக்கு, கெடுப்பதற்குச் சம்பளம் என்பது ரொம்பப் பிடித்திருந்தது.

போன வாரம் ஒரு புது நாடா வந்தது. அவளுக்குத் தெரிந்த அத்தனை சித்திரவதையும் செய்துவிட்டாள். மரியதாஸின் ஜீப் டயருக்கு அடியில்கூடப் போட்டு ஏற்றச் சொன்னாள். அவன் "செரி புள்ள" என்று முன்னும் பின்னும் ஏற்றினான். சேற்றோடு எடுத்து அலசி ஸ்கேனரைக் காட்டினாள். கீக் என்றது.

"என்னங்க்கா ஆச்சு?" என்று யுவராஜ் போனில் கேட்டான்.

"படிக்குதுடா கண்ணு," என்றாள் எரிச்சலாக. "இன்னுங் கொஞ்சம் நாடா அனுப்பு. எப்படிச் சாவாம இருக்குதுன்னு பாத்தர்றேன்."