தராசுக்கு வராத சர்க்கரைவள்ளி

எந்த அணியில் நிறுத்தினாலும் அந்த அணியை வெல்ல வைத்துவிட்டே மேடையிறங்குபவள் நான். எங்கள் வெள்ளானூர் குடியிருப்பின் பொங்கல் பட்டிமன்றத்துக்கு, 'கிழங்கு விளைச்சலில் விஞ்சுவது பழைய ரகமா, புதிய ரகமா' என்று ஆவணியிலேயே தலைப்பு தந்துவிட்டார்கள். என் பக்கம் பழைய ரகம். வெறும் பேச்சோடு வரமாட்டேன், தராசோடு வருவேன் என்று நடுவரிடம் அறிவித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கட்டடம் எழும்பாத எங்கள் அரை மனையில் இரண்டு மேட்டுப் பாத்திகள் அமைத்தேன். ஒன்றில் அம்மா பிறந்த வீட்டிலிருந்து வந்த சிவப்புத் தோல் சர்க்கரைவள்ளி. மற்றதில் நாற்றுப் பண்ணையில் வாங்கிய, உள்ளே ஆரஞ்சு நிறங்கொண்ட புதிய ரகம். ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு எருவிட்டேன். மார்கழியில் இரண்டும் தரை தெரியாமல் படர்ந்தன. நடுவே நடந்தபடி என் தொடக்க உரையை மனனம் செய்தேன்.

போகிக்கு முதல் நாள் தோண்டினேன். புதிய ரகம் கூடையை நிறைத்தது. பழைய பாத்தியிலோ விரல் பருமனில் சில கிழங்குகளும், பெருங்கிழங்கை முறித்தெடுத்த காம்புகளுமே மிஞ்சியிருந்தன. எலியென்றால் பல் தடம் இருக்க வேண்டும். இல்லை.

அம்மா மறைக்கவில்லை. பக்கவாட்டில் மண்ணைக் கிளறி, பருத்ததை மட்டும் முறித்துக்கொண்டு, கொடி வாடாதபடி மண்ணை மூடிவிடுவாளாம். வயல் வேலைக்குப் போன நாளின் கைப்பழக்கம். அப்பா கம்பெனிக்கு எடுத்துப்போகும் சாப்பாட்டு டப்பாவுக்குக் கொஞ்சம், பக்கத்து பாய் வீட்டுக்குக் கொஞ்சம்.

“புதுசுல எடுத்திருக்கலாம்ல?”

“அத்த யாருடி துன்னுவா? வேகவெச்சா சவசவன்னு கீது. இது மாவாட்டம் கீது.”

எத்தனை எடுத்தாய் என்றேன், எடையில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கடைசி நம்பிக்கையில்.

“எண்ணிகினா துன்னுவாங்க?”

ருசிக்காக வயிற்றுக்குள் போனதும்கூட விளைச்சலே என்று மேடையில் முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. கல்லூரி நாளிலிருந்து என்னோடு மோதும் கரையான்சாவடிக்காரன்தான் எதிரணித் தலைவன். அவன் எழக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்தான்.

“துன்னத தராசுல எப்டி தாயே வெப்பே?”

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அம்மாவும் சிரித்தாள். தலைப்பு விளைச்சல் பற்றியது, ருசி பற்றியதல்ல என்று சொல்லி நடுவர் புதிய ரகத்துக்குத் தீர்ப்பளித்தார்.

தோல்வியைக்கூடச் செரித்துவிடுவேன். பழையது உண்மையிலேயே கூடுதலாக விளைந்ததா, குறைவாகவா என்பது எனக்கே தெரியாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான்கு மாத உழைப்புக்குப் பின்னும் என்னிடம் ஒரு விடை இல்லை.

வென்ற கூடை சமையலறை மூலையில் தொடுவாரின்றி முளைவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது, இம்முறை முள்வேலி போடுவது என்று முடிவெடுத்துப் பின்பக்கம் போனேன். அம்மா இரண்டு பாத்திகளையும் கொத்தி, இரண்டிலும் சிவப்புக் கொடியையே ஊன்றியிருந்தாள்.