"கேட்காத மாதிரி வாசிங்க, பாய்!"

ஜாஸ் டிரம்மருக்கு வாழ்க்கைப்பட்டவளின் தொழில் ஒன்றே ஒன்றுதான்: ஊரார் புகாரையெல்லாம் வாங்கி, புருஷனுக்கு வலிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வீட்டில் வாத்தியக்காரரை வைத்துக்கொண்டு திண்டாடும் சகோதரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் கணவர் ராஜன் துபாயில் ஒரு ஹோட்டலில், நாலு பேர் கொண்ட பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறார். நூறு வருஷத்துப் பழைய பாணி ஜாஸ். ஸ்னேர் டிரம்மில் குச்சிகளை உருட்டி உருட்டி, நடுநடுவே ஒரு மரக்கட்டையை டொக்கு டொக்கென்று தட்டும் ரகம். பொன்மலை ரயில்வே காலனி டான்ஸ்களில் பிடித்த பைத்தியம், இப்போது நாங்கள் குடியிருக்கும் அஜ்மான் ஃபிளாட் வரை கூடவே வந்துவிட்டது.

அந்த ஹோட்டல்தான் எங்களுக்குக் கஃபீல், அதாவது விசா கொடுத்து வைத்திருக்கும் முதலாளி. அவர் வேலை போனால் மூன்று பேர் விசாவும் போகும். மகளுக்கு வரும் மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அதுவரை இந்த ஊரில் இருந்தாக வேண்டும்.

உத்தியோகம் என்ன?

ஷார்ஜாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. செயலாளர் கல்யாணி மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரைப் பொங்கலோடு என் குடும்பத்தையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். எதிர்வரிசையில் இருந்த ராஜனைக் காட்டி, சார் என்ன பண்றார் என்றார். கான்வென்ட்டில் படித்த பாவம், எனக்குப் பொய் வராது. டிரம்ஸ் வாசிக்கிறார் என்றேன். மேடம் என் முதுகில் அன்பாகத் தட்டினார்.

"அது சரிம்மா, வேலை என்ன பார்க்கிறார்?"

தலையணைக் கச்சேரி

ஃபிளாட்டில் டிரம்ஸ் வைத்தால் போலீஸ் வரும். அதனால் அவர் சாயங்காலம் சோபாத் தலையணையில் சாதகம் செய்வார். மாதம் ஒரு தலையணை கிழியும். பஞ்சைப் பொறுக்குவது நான். கீழ்வீட்டு மதுரைக்காரி ஒருநாள் மேலே வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஏன்க்கா, தெனமும் புரோட்டா மாவு அடிக்கிற சத்தம் கேக்குதே, கடைக்கு சப்ளை பண்றீகளா? எங்களுக்கும் ஒரு பத்து சொல்லியிருக்கலாம்ல?"

மரக்கட்டை

சனிக்கிழமை மதிய விருந்துதான் அவருடைய கச்சேரி நேரம். எல்லோரும் வாயில் இறாலை வைத்துக்கொண்டு பேசுவார்கள். பேண்ட் அதற்குப் பின்னணி. ஒருநாள் அவர் மரக்கட்டையில் தன்னை மறந்து விளையாடிக்கொண்டிருந்தார். ஒரு விருந்தாளி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னாராம்:

"யாரோ ரொம்ப நேரமா கதவைத் தட்டிக்கிட்டு இருக்காங்க, போய்த் திறங்க."

மேனேஜர்

மறுநாளே மரக்கட்டைக்குக் கலாஸ். அடுத்து, குச்சி வேண்டாம், பிரஷ் போதும் என்றார் மேனேஜர். கம்பிப் பிரஷ்ஷால் டிரம்மைத் தேய்த்தால், பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைகிற மாதிரி இருக்கும். அதுவும் அதிகமாம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் அன்றைக்கே சொன்னார். மகள் பரீட்சை முடியட்டும் என்றேன். மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனவரிடம், எல்லோரையும் பாய் என்றே கூப்பிடும் மேனேஜர் சிரித்தபடி கேட்டாராம்:

"பாய், வாசிப்பு பிரமாதம். ஆனா கேட்காத மாதிரி வாசிக்க முடியுமா?"

ரமலான் மாதம்

நோன்பு மாதத்தில் எங்கள் ஹோட்டலில் மேடையை மூடிவிடுவார்கள். விசாவில் அவர் உத்தியோகம் வெயிட்டர். அதைத் தேடிப் பிடித்துப் படித்த ஒரு புண்ணியவான், இஃப்தார் பந்தியில் கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். மனுஷன் பிரியாணி பரிமாறினார். தட்டை நீட்டியது யார் என்கிறீர்கள்? நம் கல்யாணி மேடம்! ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

"வேலை கிடைச்சிடுச்சா சார்? ரொம்ப சந்தோஷம்!"

லேப்டாப்

ரமலான் முடிந்து, கோடையும் போய், மேடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் புது மேனேஜர் வந்தார். இனி டிரம்ஸ் சத்தம் லேப்டாப்பிலிருந்து வரும். ஆனால் போட்டோவில் டிரம்ஸ் செட் அழகாக விழுகிறது, அதனால் ராஜன் பின்னால் உட்கார்ந்து தோலில் படாமல் பிரஷ்ஷை ஆட்டினால் போதும் என்றார். நானே போய்ப் பார்த்தேன். கோட்டு, டை, சிரிப்பு எல்லாம் உண்டு. பிரஷ் மட்டும் காற்றில் ஓரங்குலம் மேலே. லேப்டாப் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவருக்குத்தான் தோளெல்லாம் வியர்வை.

காரில் ஏறியதும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். வாங்கி நாலாகக் கிழித்தேன். இன்னும் ரெண்டே மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க என்றேன். ஷார்ஜா நெரிசலைத் தாண்டினோம். பிறகு சொன்னார்:

"பல்லைக் கடிச்சுக்கலாம் சுதா. கையை என்ன பண்றது?"

சத்தத்தைக் குறைக்கச் சொன்ன கோஷ்டியில் இருபது வருஷமாக முதல் குரல் என்னுடையது. இப்போது தலையணைச் சாதகமும் நின்றுபோய், வீடு நான் கேட்டபடியே அமைதியாக இருக்கிறது, நான்தான் டிவியை அலறவிட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.