மூன்று விரல் விதி

மார்லிஸ் டாலெஃப்சன் எங்கள் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தின் முன்மேஜைக்காரர். தாமதமாக வருகிறவர்களுக்குச் சீட்டு கொடுப்பது, காய்ச்சல்காரர்களின் வீட்டுக்குப் போன் போடுவது, பனிப்புயல் வந்தால் பேருந்துகளை முன்கூட்டியே வரவழைப்பது எல்லாம் அவர்தான். வடக்கு மின்னசோட்டாவின் பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்த சின்னப் பள்ளி அது. மார்லிஸுக்குக் குள்ள உருவம், பெரிய சிரிப்பு. அவர் அலுவலகத்தில் சிரித்தால், கூடத்தின் கடைசியில் நான் வேதியியல் நடத்தும் அறைவரை கேட்கும்.

அந்த வேலையில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: கடுகுநிறச் சட்டை.

மாணவர்கள் போடும் கையில்லாத மேல்சட்டைக்குத் தோள்பட்டி மூன்று விரல் அகலமாவது இருக்க வேண்டும் என்பது பள்ளி விதி. யாருடைய விரல் என்று எழுதவில்லை. தலைமையாசிரியர் ஆஸ்ட்ராண்டர் கூடத்தில் நின்று, கையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்திலிருந்தே அளப்பார். அவருக்குத் தடித்த விரல்கள்; எனக்கோ பென்சில் மாதிரி. என்னிடம் தப்பிய சட்டை அவரிடம் மாட்டிக்கொள்ளும். மாட்டியவர்கள் அலுவலகத்துக்குப் போய், முழங்கால்வரை தொங்கும் கடுகுநிறச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் முதுகில் ‘நான் உடை விதியை மீறினேன்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும்.

மே மாதம் வெயில் எட்டிப் பார்த்ததும் மாட்டியவர்களில் முதல் ஆள் பிரிட்டா ஹோவ்லண்ட். ஒன்பதாம் வகுப்பு. அகன்ற தோள். எந்தப் பட்டியும் அந்தத் தோளில் நூலாகத்தான் தெரியும். ஒரே வாரத்தில் மூன்றாம் முறையாக வந்து மேஜைமுன் நின்றாள்.

“மிஸஸ் டாலெஃப்சன், இதுக்கு மேல அகலமா கடையிலயே இல்ல. என் தோள் பெருசு. அதுக்கு நான் என்ன பண்ண? கழட்டி வீட்ல வச்சுட்டு வரவா?”

“வேணாம்மா, அப்புறம் தலைய எங்க மாட்டுவ?” என்றார் மார்லிஸ்.

பிரிட்டா சிரித்தாள். ஆனால் சட்டையைப் போட்டபின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த சாண்ட்விச்சைச் சத்தமில்லாமல் தின்றாள். அன்று மதியம் முழுக்க மார்லிஸின் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் கடுகுநிறச் சட்டைகளை மொத்தமாகத் துவைக்க எடுத்துப்போனார். திங்களன்று அவை இல்லாமல் வந்தார்.

“எங்க மார்லிஸ், சட்டையெல்லாம்?” என்றார் ஆஸ்ட்ராண்டர்.

“பிளீச் கொஞ்சம் கூடிப்போச்சு.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்தையும் ஒண்ணாத்தானே போட்டேன்.”

அவற்றுக்குப் பதிலாக ஒரு பை நிறைய வேறு சட்டைகள் கொண்டுவந்திருந்தார். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் விளையாட்டில் அவர் கணவர் டுவேனுக்கு முன்பு ஒரு குழு இருந்தது. ‘சமவெளிப் புயல்கள்’ என்று பெயர். குழு கலைந்தபின் அலமாரியில் கிடந்த சட்டைகள் அவை. கருஞ்சிவப்பு நிறம், பால்நிறக் காலர், பைக்குமேல் ஆட்டக்காரரின் பெயர் தையலில். மறுநாள் பிரிட்டாவுக்கு ‘வெர்லின்’ என்று தைத்த சட்டை கிடைத்தது. என் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்று, “பிரிட்டா இன்னிக்கு லீவு சார். வெர்லின் வந்திருக்கேன்” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் அன்று சாப்பாட்டுக் கூடத்தின் நடுமேஜையில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் எல்லாம் தலைகீழானது. நல்ல சட்டையின் கைகளைக் கத்தரித்துக்கொண்டு பையன்கள் அலுவலகத்தில் வரிசைகட்டினார்கள்.

“மேடம், நான் ரொம்ப மோசமா டிரஸ் பண்ணியிருக்கேன். லெராய் காலியா?”

“லெராய் எட்டு மணிக்கே போயாச்சு. ‘பட்’னு பேர் போட்டது இருக்கு, வேணுமா?”

ஆஸ்ட்ராண்டர் என் கண்ணெதிரே வந்து மேஜையில் கையூன்றினார். “மார்லிஸ், இது தண்டனை! பசங்க க்யூல நிக்கிறாங்க!”

“தோள மூடச் சொன்னீங்க. மூடியாச்சு.”

“கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டாமா?”

“அந்தப் பொண்ணு பட்டா. மெஷினுக்குப் பின்னாடி உக்காந்து சாப்ட்டா. அது போதலையா உங்களுக்கு?”

மார்லிஸ் தன் கைப்பையை மேஜைமேல் வைத்து, அதன் பட்டியை நீட்டினார். “சரி, அளங்க. சார், நீங்களும் வாங்க” என்று என்னையும் கூப்பிட்டார். என் மூன்று விரலைவிடப் பட்டி அகலமாக இருந்தது. ஆஸ்ட்ராண்டரின் இரண்டு விரலுக்கே அது போதவில்லை. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கப்பா கை இது. வயல்ல கிழங்கு பிடுங்குன கை” என்றார் கடைசியில். பிறகு அவரே சிரித்துவிட்டார். “இத வச்சா பிள்ளைங்கள அளந்தேன்?”

இலையுதிர் காலத்தில் புதிய விதி வந்தது. உடம்பில் நழுவாமல் நிற்கும் உடை, வசைமொழி எழுதாத சட்டை, ஆய்வகத்தில் மூடிய காலணி. அவ்வளவுதான். இனிச் சட்டை இரவல் வாங்கக் காரணமில்லை என்று பிள்ளைகளுக்குத்தான் வருத்தம். பிரிட்டா அலுவலகத்துக்கு வந்து, “அப்போ வெர்லின எப்பப் போடுறது? பேசாம பௌலிங் ஆடிடலாமா?” என்று கேட்டாள். பௌலிங் குழு தொடங்க ஆஸ்ட்ராண்டர் ஒப்புக்கொண்டார். பொறுப்பாளராக யாரும் முன்வராததால் மார்லிஸின் பெயரை எழுதிவிட்டார்கள்.

முதல் நாள் மாலை ஊர் பௌலிங் கூடத்தில் கூடினோம். டுவேனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

“நீங்கதான் முதல்ல உருட்டணும், மிஸஸ் டாலெஃப்சன்” என்றாள் பிரிட்டா.

“ஐயோ, நான் இந்தச் சட்டைய துவைச்சவ, உருட்டுனவ இல்ல.”

பிள்ளைகள் விடவில்லை. முதல் பந்து நேராக ஓரக் குழிக்குள் போனது. இரண்டாவதை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டார். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் அது மெல்ல உருண்டு போய், ஏழு கட்டைகளைச் சாய்த்தது. மார்லிஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடத்துக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவ்வளவு நல்லா வருது! இத்தன வருஷமா ஒரு நாளாவது வந்தியா?” என்றார் டுவேன்.

“நீ எங்க கூப்ட்ட? துவைக்கச் சட்டையத்தானே குடுத்த!”

டுவேன் தலையைச் சொறிந்துகொண்டு, எல்லாருக்கும் பொரித்த சீஸ் வாங்கப் போனார். மார்லிஸ் அதற்குள் தன் கைக்கு ஏற்ற பந்தைத் தேடத் தொடங்கியிருந்தார்.