ஒண்டி செல்லுமா?

தாம்பரத்தில் ஏறும் மேடம், மகளிர் பெட்டியில் தன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். பெருங்களத்தூரில் நான் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "நேத்து அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தை செல்லும். நடுவர் அவசரப்பட்டுட்டார்" என்றுதான் ஆரம்பிப்பார். காட்டாங்குளத்தூர் வருவதற்குள் அந்த ஒரு சொல்லை இருவரும் பிரித்து மேய்ந்திருப்போம். எங்கள் கல்லூரியில் அவர் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர், நான் கணக்குப் பிரிவில். அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் எங்களுக்குள் பேச்சே இருக்காது. இரண்டு மாடி வித்தியாசம். ரயிலில் மட்டும்தான் நாங்கள் சிநேகிதிகள்.

எங்களைச் சேர்த்துவைத்தது தொலைக்காட்சியில் மாலை நேரத்தில் வரும் ஒரு சொல் விளையாட்டு. கடைசிச் சுற்றில் ஓர் எழுத்தைக் கொடுப்பார்கள். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொற்களைப் போட்டியாளர்கள் இருவரும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். தடுமாறினாலோ, நடுவர் 'செல்லாது' என்றுவிட்டாலோ ஆட்டம் முடிந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே ரசிகர்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். நான் அதில் ஓயாமல் எழுதுவேன். மேடமும் அதில் இருந்தார், ஆனால் ஒரு வரி எழுதியதில்லை. பெயர் போடாமல், காகிதப்பூப் படம் ஒன்றை மட்டும் வைத்திருந்தார். உண்மையில் அவர் ரயிலில் சொன்னதைத்தான் நான் குழுவில் எழுதிக்கொண்டிருந்தேன். என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான், கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சேலையூரில் மேடமும் அம்மாவின் மறைவுக்குப் பிறகு தனியாகத்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் இருவரும் முதலில் தேடுவது அந்த நிகழ்ச்சியைத்தான் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் ஊரப்பாக்கம் தாண்டும்போது, "செலக்ட் ஆயிட்டேன்" என்றார். விண்ணப்பித்ததையே அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. படப்பிடிப்புக்கு நானும் போனேன். பார்வையாளர் வரிசையில் குளிர் தாங்காமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் நன்றாகவே ஆடினார். கடைசிச் சுற்றுக்கு 'ஒ' வந்தது. ஒட்டகம், ஒப்பாரி, ஒத்திகை, ஒட்டடை என்று போய்க்கொண்டிருந்தது. எதிரே இருந்த இளைஞன் திணறத் தொடங்கியிருந்தான். மேடம் முறை வந்தபோது, "ஒண்டி" என்றார்.

நடுவர் தலையை ஆட்டினார். "ஒண்டுதல்னு வினை இருக்கு. ஒண்டி வந்தான், ஒண்டி நின்றான். இது வினையெச்சம், பெயர்ச்சொல் இல்லையேம்மா."

"இல்ல சார், பெயர்ச்சொல்தான். தனி ஆள்னு அர்த்தம். எங்க பக்கம் சொல்வாங்க."

நிகழ்ச்சியை நடத்தியவர் சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார். "அப்போ நீங்க ஒண்டியா மேடம்?"

அரங்கமே சிரித்தது. மேடமும் சிரித்தார். சொல் செல்லாது என்றார்கள், இளைஞன் ஜெயித்தான். திரும்பி வரும்போது வண்டியில் மேடம் படப்பிடிப்பில் கொடுத்த சமோசாவைப் பற்றி மட்டும் பேசினார்.

ஒளிபரப்பான அன்று குழு பற்றி எரிந்தது. வீட்டில் பேசுவதையெல்லாம் போட்டியில் சொல்லலாமா என்று சிலர். மற்றவர்கள் அந்தச் சிரிப்பு இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேடத்தின் முகத்துக்குக் கீழே 'நான் ஒண்டி' என்று எழுதிக் கேலிப்படமாக்கி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். காகிதப்பூப் படத்துக்குப் பின்னால் அவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் விடவில்லை. அது பெயர்ச்சொல்தான், அகராதியைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினேன். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் பேரகராதியின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார். ஒண்டி, பெயர்ச்சொல், தனிமை. அவ்வளவுதான், காற்று திசை மாறிவிட்டது. கேலி செய்தவர்களே நியாயம் கேட்டுத் தொலைக்காட்சிக்கு எழுதினார்கள். அடுத்த வாரம் நிகழ்ச்சியின் முடிவில் திருத்தம் வாசித்தார்கள். மேடத்தை மறுபடி விளையாடக் கூப்பிட்டார்கள். குழுவில் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் ரயிலில் நான்தான் துள்ளிக்கொண்டிருந்தேன். மேடம் வண்டலூர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"ஏன் மேடம்? நம்ம வார்த்தை ஜெயிச்சிருச்சே!"

"வார்த்தை ஜெயிச்சிருச்சு. அது சரி." மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, "ஒலி, ஒளி, ஒழுக்கம், எல்லாம் தெரியும் எனக்கு. வாயில அதுதான் வந்துச்சு. அம்மா போனப்புறம் சிலிண்டர் போட வர்றவர்கூட, 'ஒண்டியாவா கீறீங்கம்மா?'ன்னுதான் கேப்பார். அவர் கேட்டா ஒண்ணும் தோணாது. அன்னிக்கு அவ்ளோ பேர் சிரிச்சப்போதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை காகிதப்பூப் படம் முதல்முறையாகக் குழுவில் எழுதியது. 'அந்தப் போட்டியாளர் நான்தான். சொல்லுக்காக வாதாடியவர்களுக்கு நன்றி. என் படத்தை இனி யாரும் அனுப்ப வேண்டாம்.' பிறகு கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே 'சுண்டைக்காய்' ஒரு சொல்லா, இரு சொல்லா என்று அடுத்த சண்டை தொடங்கிவிட்டது. மேடம் குழுவிலிருந்து விலகியிருந்தார். ரயிலில் அதற்குப் பிறகும் எனக்கு இடம் பிடித்து வைத்தார். ஆனால் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. வேறு என்ன பேசுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாதது அப்போதுதான் தெரிந்தது. வெயிலைப் பற்றியும், வண்டி தாமதத்தைப் பற்றியும் பேசினோம்.

அந்த வருடமே அவர் ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் தங்கை குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார். முதலில் ஞாயிறுதோறும், ஆராதனை முடிந்து வந்ததும் கூப்பிடுவார். பின்பு பண்டிகைகளுக்கு மட்டும் என்று ஆனது. போன மாதம் ஒரு மாலை, நிகழ்ச்சி முடிந்த சூட்டில், ஒரு தீர்ப்பு பொறுக்காமல் நானே கூப்பிட்டேன். குக்கர் விசில், குழந்தைகள் சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லி அதட்டுவது எல்லாம் கேட்டன. மேடத்தின் குரல் சிரிப்போடு வந்தது.

"சொல்லும்மா. நல்லாருக்கியா? இங்க எல்லாரும் இருக்காங்க. நான் அப்புறம் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க மேடம், அவசரமில்ல" என்றேன்.

அந்தக் குரலில் அப்படியொரு கலகலப்பை நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். ஒன்றுக்கு மேல் ஊற்றத் தோன்றவில்லை.