கலப்பத்து அடித்த கார்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஓ.எல். வரைதான் படித்தேன். அதிலும் தமிழுக்குச் சாதாரண சித்திதான். நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். கார் ஓடவும் தெரியாது. ஆனால் ஒரு காருக்கு ஓட்டை அடைத்த அனுபவம் ஒன்பது வயதிலேயே எனக்குக் கிடைத்தது. அண்ணை இதையெல்லாம் எழுதமாட்டார். அக்கா எழுதினால் எல்லாப் பிழையையும் என் தலையில் போட்டுவிடுவார். ஆகவே நான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குருநகர் ஆட்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டையால் கரையோரம் இருக்க முடியாமல் போனபோது உரும்பிராய்க்கு வந்து, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருடைய வீட்டின் பாதியில் குடியிருந்தோம். சுற்றிவர வெங்காயமும் புகையிலையும்தான். கடலில் தொழில் செய்யத் தடை. அப்பாவின் வள்ளம் கரையிலேயே நின்றுவிட்டது. அதற்கு என்ன நடந்தது என்று வந்து சொல்ல ஆள் இல்லை. அப்பாவும் யாரையும் விசாரிக்கவில்லை. முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். ஆறு மாதமாகப் படலையைத் தாண்டவில்லை. பூசைக்குக்கூடப் போகவில்லை. கேட்டால் முழங்கால் நோ என்பார். சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அண்ணை ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"என்னை என்ன விறகுக்கட்டு எண்டு நினைச்சியோ?" என்றார் அப்பா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

மார்கழி தொடக்கத்தில் அப்பா யாருடைய பெயரைக் கொண்டிருந்தாரோ அந்தப் புனிதரின் திருநாள் வரும். எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாளைவிட அது பெரிது. கரையில் இருந்த காலத்தில் அன்றைக்கு அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலில் முன் வாங்கில் இருப்பார். இந்த முறையும் மனுசன் கதிரையிலேயே இருந்துவிட்டால் இனி எழும்பவே மாட்டார் என்று அம்மா குசினியில் தனியாக நின்று அழுததை நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். அன்றைக்குத்தான் அண்ணை கார் யோசனையைச் சொன்னார். திருநாளுக்கு அப்பாவுக்கு ஒரு கார் கொடுப்பது. அதில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவது.

கார் வேறெங்கும் இல்லை, ரீச்சரின் வீட்டுப் பின் கொட்டிலில் நின்றது. பழைய மொறிஸ் மைனர். ரீச்சரின் கணவர் ஓடித் திரிந்தது. அவர் காலமான பிறகு யாரும் தொடவில்லை. நாலு சில்லிலும் காற்று இல்லை. அடிப்பக்கம் முழுவதும் துரு. காருக்குள் குனிந்து பார்த்தால் நிலத்தில் எறும்பு ஊர்வது தெரியும்.

"எடுங்கோ, எனக்கு இனி என்னத்துக்கு? ஆனால் பின் சீற்றிலை என்ரை கோழி அடை கிடக்குது. குஞ்சு பொரிக்குமட்டும் அந்தப் பக்கக் கதவைத் திறக்கப்படாது" என்றார் ரீச்சர்.

"எத்தினை நாள் செல்லும் ரீச்சர்?"

"அதைக் கோழியைக் கேள் தம்பி."

எங்களில் ஒருவருக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணைக்குப் பத்தொன்பது வயது. வள்ளத்து மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். "மெஷின் எண்டால் மெஷின்தானே. உது சில்லு வைச்ச வள்ளம், வேறை ஒண்டும் இல்லை" என்றார். எங்களுடைய எல்லாப் பிழைகளும் அந்த ஒரு வசனத்தில் தொடங்கின.

வள்ளத்தைத் திருத்துகிறவன் முதலில் என்ன செய்வான்? ஓட்டைகளைப் பார்ப்பான். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவான். அதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். ஊரை விட்டு வரும்போது நல்ல சட்டைகளை விட்டுவிட்டு வந்த அம்மா, அப்பாவின் குங்கிலியத் தகரப் பேணியை மட்டும் எப்படியோ சாமான்களோடு கொண்டுவந்திருந்தார். அதை எடுத்தோம். விரல் சின்னது என்பதால் பஞ்சு வைக்கிற வேலை எனக்கு வந்தது.

நான் அதைத் திறமாகச் செய்தேன். காரின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடி அடைத்தேன். துரு தின்ற ஓட்டை, ஆணி போன ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. கதவுகளின் அடியில் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் சில ஓட்டைகள் இருந்தன. துரு இவ்வளவு ஒழுங்காகத் தின்னுமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அவற்றையும் அடைத்தேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் செய்கிறோம் என்பதில் எங்களுக்குப் பெரிய பெருமை. குங்கிலியம் காய்ச்சுகிற மணம் நாலு வளவுக்கு அடிக்கும் என்பதை மறந்துவிட்டோம். ஒருநாள் நான் விறாந்தையால் போகும்போது அப்பா தெருவைப் பார்த்தபடியே, "நெருப்புக் கூடிப்போச்சு, கருகப்போகுது" என்றார். அம்மாவின் கறியைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அண்ணை அடுப்பிலிருந்து இரண்டு விறகை வெளியே இழுத்தார்.

கிணறு அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கார் வேலை நடந்த அந்த மூன்று கிழமையும் அப்பா கிணற்றடிக்கு வரவே இல்லை. முகம் கழுவவும் குளிக்கவும் தண்ணீரை முன்பக்கம் கொண்டுவரச் சொன்னார். மனுசனுக்கு வருத்தம் கூடிவிட்டது என்று அம்மா இன்னும் பயந்தார். நானும் பயந்தேன்.

கோழி பதினொரு குஞ்சு பொரித்துக்கொண்டு இறங்கியது. அதன் பிறகு அக்கா பூச்சு வேலையைத் தொடங்கினார். வள்ளத்துக்குப் பூசுகிற நீலப் பூச்சு அரைப் பேணிதான் கிடைத்தது, முழுக் காருக்கும் காணாது. தண்ணீருக்குள் நிற்கிற பகுதிக்குத்தான் பூச்சு முக்கியம் என்று அக்கா முடிவெடுத்தார். ஆகவே கார் கதவுப் பிடி வரைக்கும் நீலமாகவும் அதற்கு மேலே பழைய சாம்பல் நிறமாகவும் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது மிகச் சரியாகவே தெரிந்தது.

பெற்றோல் அந்தக் காலத்தில் மருந்துக்குத்தான் கிடைக்கும். வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து ஒரு துளி பெற்றோல் விடுவார்கள். அண்ணை மண்ணெண்ணெயோடு, வள்ளத்து மெஷினுக்குச் செய்வது போலவே, எண்ணெயும் கலந்து ஊற்றினார். பற்றரிதான் பிரச்சினை. ஊரில் பற்றரி வைத்திருந்தது ரீச்சர். அதில்தான் அவர் றேடியோவில் செய்தி கேட்பார்.

"தாறன். காலமை ஒன்பதே காலுக்குச் செய்தி. அதுக்கு முதல் பற்றரி வீட்டை வரவேணும்."

"வரும் ரீச்சர்."

"வரும் எண்டு எனக்கென்ன நிச்சயம்? பற்றரி போற இடத்துக்கு நானும் வாறன்."

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் சைக்கிள் பம்பால் நாலு சில்லுக்கும் காற்றடித்து, காரைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் மாமரத்தின் கீழே விட்டோம். அன்றைக்குப் பார்த்து அப்பா நேரத்தோடு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எங்கள் அதிர்ஷ்டத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். விடியும்வரைக்கும் மழை விடாமல் பெய்தது.

காலையில் மழை ஓய்ந்திருந்தது. அம்மா எப்படியோ கதைத்து அப்பாவை வெள்ளை வேட்டி கட்டவைத்து முற்றத்துக்குக் கூட்டிவந்தார். அப்பா அந்த அரைவாசி நீலக் காரை நீண்ட நேரம் பார்த்தார். அக்கா என் கையை நசித்துக்கொண்டு நின்றார். அப்பா திரும்பிக் கதிரைக்குப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கிட்டப் போய்க் கதவைத் திறந்தார்.

கார் தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் அவருடைய காலில் கொட்டியது. கோழி இறகும் வைக்கோலும் கலந்த மழைத் தண்ணீர். வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. மிச்சம் உள்ளே தளம்பிக்கொண்டு நின்றது. கண்ணாடி ஓரங்களால் உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக ஒரு வழியும் நான் வைத்திருக்கவில்லை.

"ஆர் அடைச்சது?"

அண்ணை என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார்.

"நான்தான் அப்பா."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். ஒண்டும் விடேல்லை."

அப்பா குனிந்து கதவின் அடியில் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பஞ்சை நகத்தால் கிளப்பிப் பார்த்தார், அது கிளம்பவில்லை. பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் அழத் தொடங்கினேன். அவர் நிமிர்ந்தபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் மறந்தேபோயிருந்தேன்.

"ஒரு துளி ஒழுகேல்லை, பாத்தியளோ? உவள் அடிச்ச கலப்பத்தோடை இந்தக் காரை நெடுந்தீவுக்கு விடலாம்" என்றார். "இறைக்க ஒரு பேணி கொண்டா பிள்ளை."

"இஞ்சாருங்கோ, வேட்டி!" என்றார் அம்மா.

"வேட்டி காயும்."

அப்பாவே காருக்குள் குந்தியிருந்து, வள்ளத்தில் இறைப்பது போலவே, பார்க்காமல் தோளுக்கு மேலால் தண்ணீரை வீசி வீசி இறைத்தார். பற்றரியைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்த ரீச்சர் மீது ஒரு பேணி பட்டது.

பிறகு அண்ணை பற்றரியைப் பூட்டி, முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். ஐந்தாம் முறை கார் இருமிக்கொண்டு எழும்பியது. வெள்ளைப் புகையில் மாமரம் மறைந்தது. எல்லோரும் ஏறினோம், ஸ்ரியரிங்கை அண்ணை பிடித்தார். கார் படலையைத் தாண்டியது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ரீச்சர் முன் சீற்றில் இருந்து, "மெல்ல, மெல்ல, அவர் இந்த இடத்திலை மெல்லத்தான் போவார்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

புகையிலைத் தோட்டம் ஒன்றின் பக்கத்தில் கார் நின்றுவிட்டது. கோயிலுக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது.

"எண்ணெய் கலந்தனீயோ?" என்று அப்பா கேட்டார்.

"மெஷினுக்கு விடுறமாதிரித்தான்..." என்று இழுத்தார் அண்ணை. கார் மெஷினுக்கு அது ஆகாது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். இனி வீட்டுக்கு நடப்பார், போய்க் கதிரையில் இருப்பார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் பின்னால் போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் தோளைக் கொடுத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? இறங்குங்கோ, கரை ஏத்துவம். ரீச்சர் இருக்கட்டும்."

வள்ளத்தைக் கரை ஏற்றும்போது போடுகிற சத்தத்தை அப்பா போட்டார். ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அண்ணை பதில் சத்தம் போட்டார். கார் அசைந்தது. தோட்டத்தில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வரம்பால் ஏறி வந்து அவர்களும் தள்ளினார்கள். இரண்டு வளைவு போவதற்குள் அந்தச் சத்தம் அவர்களுக்கும் பழகிவிட்டது.

"என்னண்ணை, அரைவாசிதானே நீலம்?" என்று ஒருவர் கேட்டார்.

"மிச்சம் தண்ணிக்கு மேலை நிக்கிறது" என்றார் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு.

அந்த முழங்காலோடு எப்படித் தள்ளுகிறார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவரோடு சேர்ந்து தள்ளுகிற சந்தோசத்தில் இருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பூசை வைத்த சுவாமி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தீர்த்தம் எடுத்துவரச் சொல்லி அதற்கு ஆசீர்வாதம் கொடுத்தார். "கொஞ்சமாய்த் தெளியுங்கோ சுவாமி, உதுக்குள்ளை தண்ணி நிக்கும்" என்றார் அண்ணை. அப்பா வெறுமையான கோயிலுக்குள் போய் முன் வாங்கில் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்தார். ரீச்சருக்குச் செய்தி தப்பிவிட்டது. அன்றைக்கு ஒரு நாளாவது நாட்டில் ஒன்றும் நடக்காதது போல இருந்தது என்று பின்பு அம்மாவிடம் சொன்னாராம்.

அடுத்த நாள் காலை அப்பா கிணற்றடிக்கு வந்து முகம் கழுவினார். சுத்தியலும் பெரிய ஆணியும் கொண்டுவரச் சொன்னார். காரின் கீழே படுத்து, இவ்வளவு காலமும் ஓட்டையை அடைத்தே பழகிய கையால், தண்ணீர் இறங்கக் கதவுகளுக்கு இரண்டிரண்டும் தரைக்கு நாலுமாக ஓட்டை போட்டார். ஆணியைப் பிடிக்க நானும் பக்கத்தில் படுத்திருந்தேன். ஒவ்வொரு முறை சுத்தியலை ஓங்கும்போதும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். துரு விழும் என்றுதான் மூடுகிறார் என்று நினைத்து, நானும் மூடிக்கொண்டேன்.