அக்கா போடாத கையெழுத்து

அக்காவின் ஓராண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'அமைதியே உருவானவர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர்' என்ற வரியை இந்த மலரில் தேடாதீர்கள். ஈப்போவில் எங்களுக்கு அச்சடித்துத் தந்தவர் கொடுத்த மாதிரித் தாளில் அந்த வரி இருந்தது. அதை அப்படியே போட்டுவிடச் சொன்னார் எங்கள் தாய்மாமா. "எல்லா மலர்லயும் போடறதுதான் லா" என்றார். மாமாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

சுங்காய் என்ற சிறு பட்டணத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயன் வீட்டில் அக்கா பிறந்தார். அம்மா பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டினார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. வெட்டிவந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைப்பது அவர் பொறுப்பு. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் அக்கா அங்கேயே நின்றுவிடுவார். ஆசிட் விட்டால் பால் கட்டியாகிறது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இரண்டு சொட்டு அமோனியா விட்டால் மதியம் வரை தண்ணீராகவே இருக்கிறது. ஏன், ஏன் என்று கேட்டு அப்பாவை ஒருவழி பண்ணிவிடுவார். "எனக்கு என்னம்மா தெரியும், ஊத்தச் சொன்னாங்க, ஊத்துறேன்" என்பார் அப்பா. அந்தப் பதில் அக்காவுக்குப் போதவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. பால் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். லயனைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தானும் படித்து, பல்கலைக்கழகம் போய், வேதியியல் ஆசிரியரானார். என்னையும் படிக்கவைத்து, கல்வி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா ஆக்கியதும் அவர்தான்.

ஈப்போவில் பெரிய பள்ளியில் பல வருடம் நன்றாகத்தான் இருந்தார். நல்ல ஆய்வுக்கூடம், உதவிக்கு ஆள், கேட்ட பொருள் எல்லாம் இருந்தன. அதை விட்டுவிட்டு, சுங்காய்க்கும் சிலிம் ரிவர் ஊருக்கும் இடையில் இருந்த ஒரு சிறிய இடைநிலைப்பள்ளிக்குத் தானாகவே மாற்றல் கேட்டுப் போனார். பழைய தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளி அது. பதவி உயர்வு வரும் நேரத்தில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

போன முதல் வாரத்திலேயே ஐந்தாம் படிவ வகுப்புப் பிள்ளைகளின் செய்முறைப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தார். ரப்பர் பாலைப் பற்றிய சோதனையில் முப்பத்தொரு பேரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: அமோனியா விட்டவுடன் பால் உறைந்தது, ஆசிட் விட்டபோது உறையவில்லை. யாரோ நகலெடுத்துக் கொடுத்த தாளில் இரண்டு கட்டங்கள் இடம் மாறியிருந்தன. மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். அக்கா முதலில் சிரித்தாராம். பிறகு ஆய்வுக்கூடத்தின் சாவியைக் கேட்டிருக்கிறார். உள்ளே உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன.

அவருக்கு முன்னால் பாடம் எடுத்தவர் மாலதி டீச்சர். வரலாறு படித்த இளம் ஆசிரியை. வேறு ஆள் இல்லை என்று வேதியியலை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நான் அவரைக் குறை சொன்னபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், பக்கத்தில் நிற்க யாரை அனுப்பினீர்கள் என்று என்னைத்தான் திட்டினார். அந்தச் சனிக்கிழமையே நாற்காலிகளை வெளியே போட்டு, இருவரும் கூடத்தைக் கழுவினார்கள். அடுத்த வாரம் வகுப்பில் செய்யவேண்டிய சோதனையை முந்திய சனிக்கிழமை இருவரும் செய்துபார்ப்பது என்று வழக்கமாயிற்று. கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் இப்படித் தலையில் கட்டப்பட்ட ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் படிவம் வந்தது. 'செய்முறைகள் அனைத்தும் மாணவர்களால் செய்யப்பட்டன' என்று வேதியியல் ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். அனுப்பியது எங்கள் அலுவலகம். உறையில் போட்டு ஒட்டியவன் நான். அக்கா அதைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே பிள்ளைகள் குறைவு என்று அந்தப் பள்ளியின் அறிவியல் பிரிவை மூடப் பேச்சு இருந்தது. படிவமும் வராவிட்டால் மூடுவதற்கு நல்ல சாக்கு. மூடினால் அந்தப் பிள்ளைகள் ஈப்போவுக்குப் போய் விடுதியில் தங்கவேண்டும், இல்லையென்றால் வேதியியலை மறந்துவிடவேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

நான் போன் செய்தேன். "ஒரு சைன்தானே லா அக்கா. எல்லாரும் போடறாங்க. போட்டா வகுப்பு பொழைக்கும்" என்றேன்.

"பாக்காதத பாத்தேன்னு புள்ளைங்க எழுதிருக்கு. அதே பொய்ய நானும் எழுதவா தம்பி? நான் எழுதிட்டா கூடம் எதுக்கு, ஆளு எதுக்கு? எல்லாம் நல்லாத்தான் நடக்குதுன்னு நீங்க ஃபைல மூடிடுவீங்க" என்றார்.

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது.

விளக்கம் கேட்டு அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அன்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு. அக்கா முப்பத்தொரு புத்தகங்களோடும் ஒரு பிளாஸ்க்கோடும் வந்தார். மேசையைச் சுற்றியிருந்த அதிகாரிகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, ரப்பர் பால் சோதனையின் முடிவை வாசிக்கச் சொன்னார். எல்லாரும் வாசித்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறார்களே, இதில் என்ன குறை என்று தலைமை அதிகாரி கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் நான் அவருடைய தம்பி என்பது யாருக்கும் தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை. "தம்பி, அப்பா ஸ்டோர்ல பால் உறையறதுக்கு எத ஊத்துவாரு?" என்று தமிழிலேயே கேட்டார்.

பேனாவைக் கீழே வைத்தேன். "ஆசிட், அக்கா" என்றேன். பிறகு அதையே எல்லாருக்கும் புரிய மலாய் மொழியில் சொன்னேன். புத்தகத்தில் இருப்பது தலைகீழ் என்றும் சொன்னேன். என் உத்தியோக வாழ்க்கையில் அதிகாரிகளின் மேசைக்கு எதிராக நான் பேசிய முதல் வாக்கியம் அது.

சிலிம் ரிவர் பக்கம் இன்னும் நாலு ஏக்கர் பால் மரம் வைத்திருந்த ஒருவரிடம் அன்று காலையில் வாங்கிவந்த பால்தான் பிளாஸ்க்கில் இருந்தது. இரண்டு கிளாசில் ஊற்றினார். ஒன்றில் ஆசிட், மற்றதில் அமோனியா. ஏர்கான் அறையில் அமோனியா நெடி ஏறி எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆசிட் விட்ட பால் கண்ணெதிரே கட்டியானது. அக்கா கோரிக்கைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். சிறிய பள்ளிகளுக்குச் சேர்ந்தாவது ஓர் ஆய்வுக்கூட உதவியாளர் வேண்டும். தன் பாடமல்லாத பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குத் துணையும், செய்துபார்க்க நேரமும் வேண்டும். தலையை எண்ணிப் பொருள் தரக்கூடாது. எட்டுப் பிள்ளை இருந்தாலும் எண்பது பிள்ளை இருந்தாலும் கூடம் கூடமாக இருக்கவேண்டும்.

அறிவியல் பிரிவை மூடவில்லை. சில மாதங்களில் உதவியாளர் ஒருவர் வந்தார், மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாக. அடுத்த வருடமே அக்காவைத் தூரத்தில், கடலோரம் இருக்கும் லூமுட் பக்கம் மாற்றினார்கள். நிர்வாகத் தேவையாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. அங்கே மீன் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லி அக்கா சிரித்தார். ஓய்வு பெறும்வரை சனிக்கிழமைகளில் அங்கிருந்து பழைய பள்ளிக்குக் காரோட்டி வந்தார். அந்தக் காரின் பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே எப்போதும் கண்ணாடிக் குழாய்ப் பெட்டிதான்.

கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. ஈப்போ மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, மேலே தொங்கும் பையில் என்ன கலந்திருக்கிறது என்று தாதியரைக் கேட்டுப் பாடாய்ப் படுத்தினார். பார்க்க வந்த மாலதி டீச்சர் அழுதபோது, அந்த வாரச் சோதனையைச் செய்துபார்த்தாயா என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மறுநாள் டீச்சர் வந்து, செய்துவிட்டேன் என்றார். அதற்கு அடுத்த நாள் அக்கா போய்விட்டார்.

அவரைக் கடைசிவரை கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அவர் கணவரான அத்தானுக்கும், பொறுமையோடு பதில் சொன்ன தாதியருக்கும், பால் கொடுத்த அந்தப் பெரியவருக்கும், சனிக்கிழமையை இன்றுவரை விடாத மாலதி டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனம் நொந்தாலும் என் பிடிவாதத்துக்கு இடம் கொடுத்த மாமாவுக்கும் நன்றி. அக்காவை ஊர் மாற்றியவர்களுக்கு நன்றி சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை. அவருக்கும் இருந்திருக்காது.

மூன்று கோரிக்கைகளில் முதலாவது மட்டும் பாதியளவு கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. ஆகவே இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அக்காவின் படத்துக்குப் பதிலாக அந்தக் கடிதத்தை அச்சிட்டிருக்கிறேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் எத்தனையோ தாள்களில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். இந்தத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. போன மாதம் நான்கு பள்ளிகளுக்குப் போய் வந்து போட்டது. நீங்கள் அக்காவின் மேல் உள்ள பாசத்தில் இப்போதே பேனாவை எடுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து போடுங்கள்.